மாப்பிள்ளை ரூம்ல தண்ணி

ஒரு ஊர்ல ஒரு மாமியார் இருந்தா. எந்த ஊரா? வேலூர்னு வெச்சுக்கோ. ஆடி பொறந்தும் வெயில் கிளம்ப மனசில்லாம உட்கார்ந்திருக்கிற ஊர். போர்வையை இழுத்துக்கோ, கையை உள்ள வை. ம் கொட்டணும், இல்லேன்னா நிறுத்திடுவேன்.

ம்.

அந்த மாமியார் பேரு சுலோச்சனா. மாமியாரா புதுசு. பொண்ணு அபிநயாவுக்குத் தை மாசம்தான் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை பேரு திலீபன், பெங்களூர்ல வேலை, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். ஆடி விருந்துக்கு ரெண்டு பேரையும் அழைச்சா. ஒரு வாரம் வந்து தங்குறோம்னு அவங்களும் சொல்லிட்டாங்க. அப்போ பிடிச்சுது பாரு அவளுக்குக் கவலை. பெங்களூரோ குளுகுளுன்னு இருக்கும். நம்ம மாடி ரூமோ இட்லிப் பானை. முதல் விருந்துலேயே மாப்பிள்ளை முகம் சுளிச்சுட்டுப் போனா, அப்புறம் இந்தப் படி ஏறுவாரா? பொண்ணையும் அனுப்பாம விட்டுட்டா? இதே நினைப்பு, குளிக்கும்போதும் கோலம் போடும்போதும்.

அப்போ அவ வீட்டுக்காரர் தாமோதரன், ஊர் மாத்திப் போற யார்கிட்டேருந்தோ ஒரு போர்ட்டபிள் ஏ.சி.யைப் பிடிச்சுட்டு வந்தார். செவுத்துல மாட்டாம, அடியில சக்கரம் வெச்சு, கடகடன்னு ரூம் ரூமா உருட்டிக்கிட்டுப் போலாமே, அது. முதுகுல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். சூட்டுக் காத்து போக அதை ஜன்னல் வழியா வெளிய விடணும். ஜன்னல் கட்டிலுக்கு இடது பக்கம். அதனால மிஷினும் அங்கேயே, மாப்பிள்ளை தலைமாட்டுல. சுலோச்சனா அதைப் பளபளன்னு துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, "உங்களுக்காகவே புதுசா வாங்கினது மாப்பிள்ளை"ன்னு கூசாமச் சொன்னா.

மாப்பிள்ளை மிஷினை முன்னாடி பார்த்தார். பின்னாடி பார்த்தார். "எதுக்கு அத்தை இவ்வளவு சிரமம்"னார். அவ்வளவுதான்.

ராத்திரி மிஷின் ர்ர்ர்ர்னு ஓடுச்சு. அப்புறம் விடிஞ்சுது. பொண்ணும் மாப்பிள்ளையும் கீழ இறங்கினதும், சுலோச்சனா துடைப்பத்தோட ரூமுக்குள்ள போனா. சர்ருனு கால் வழுக்குச்சு. கீழ பார்த்தா, கட்டிலுக்கு அடியில, சரியா மாப்பிள்ளை பக்கம், ஒரு குட்டைத் தண்ணி. தலைமாட்டுச் சொம்பு கவிழ்ந்துடுச்சோன்னு பார்த்தா. சொம்பு வெச்சது வெச்சபடி, தளும்பத் தளும்ப நிக்குது. அப்போ இது என்ன தண்ணி?

ம்?

நீ நினைச்சதையேதான் அவளும் நினைச்சா. சிரிக்காதே, அவ சிரிக்கல. அவளுக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. கதவைச் சாத்திக்கிட்டு, வளையல் சத்தம்கூட வராமத் துடைச்சா. பிரயாண அலுப்பு, புது இடம்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா. அப்புறம் இட்லி பரிமாறும்போது மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியல. இட்லியைப் பார்த்தே பேசினா. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல ரசம் கிடையாது, மோர் கிடையாது, பால் கிடையாது. "என்ன சுலோச்சனா, தொண்டை அடைக்குது"ன்னார் தாமோதரன். "மெதுவாச் சாப்பிடுங்க"ன்னா.

ரெண்டாம் நாள் காலையில மொட்டை மாடிக்குப் போனா, கொடியில பெட்ஷீட். சொட்டு, சொட்டு, சொட்டு. மாப்பிள்ளையே துவைச்சுப் பிழிஞ்சு உதறிக்கிட்டு நிக்கிறார்.

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்?"

"சும்மாதான் அத்தை. கொஞ்சம் வேர்வை."

ஏ.சி. ரூம்ல வேர்வை. சொன்னவர் காது சிவந்துபோச்சு. அதைப் பார்த்து இவ காதும் சிவந்துபோச்சு. படியிறங்கி வந்தவ சமையல்கட்டுல நின்னு, ஆரணியில இருக்கிற தங்கச்சி வத்சலாவுக்கு ஃபோன் போட்டு, குசுகுசுன்னு விஷயத்தைச் சொன்னா.

"எள்ளுருண்டை குடுக்கா. என் பையனுக்கு அதுலதான் நின்னுச்சு."

"இவர் மாப்பிள்ளைடி."

"மாப்பிள்ளைக்குன்னு தனியா எள்ளு விளையுதா?"

அப்புறம் என்ன, எள்ளை வறுத்தா, வெல்லத்தைப் போட்டா, டங்கு டங்குன்னு இடிச்சா. ராத்திரி மாப்பிள்ளை தட்டுல ஒண்ணு, இன்னொண்ணு, கையில பிடிச்சு இன்னொண்ணு. வேற யாருக்கும் தரல. அபிநயா கை நீட்டினா, "உனக்கு வேண்டாம், சூடு"ன்னுட்டா. மாப்பிள்ளை பாவம், நறுக் நறுக்குன்னு மென்னு முழுங்கினார்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாம் நாள் காலையில, கட்டில் காலுக்குப் பின்னாடி மறைச்சு வெச்ச மாதிரி ஒரு பாத்ரூம் மக்கு. எட்டிப் பார்த்தா மக்கு நிறைய, மஞ்சளா, கலங்கலா. அய்யோன்னு முணுமுணுத்துக்கிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, ரெண்டு விரலால தூக்கிட்டுப் போய்க் கொட்டினா. மக்கையும் குப்பையில போட்டா. மோந்து பார்த்திருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா யார் மோந்து பார்ப்பா?

அபிநயாவைக் கேட்டிருக்கலாமேங்கிறியா? எப்படிக் கேட்கிறது? அவளோ படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்காத கும்பகர்ணி. அவளுக்குத் தெரியாம இருந்தா தெரியாமயே இருக்கட்டும்னு, சுலோச்சனா பையை எடுத்துக்கிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனா, ரப்பர் ஷீட் வாங்க.

"குழந்தைக்கு எத்தனை மாசம்மா?"ன்னான் கடைக்காரன்.

"பெரிய சைஸா குடுங்க"ன்னா, தெருவைப் பார்த்துக்கிட்டே.

பெட்ஷீட்டுக்கு அடியில மாப்பிள்ளை பக்கமா ஷீட்டை விரிச்சா. கை வெச்சா கரக்மொரக்னுது. அப்பவும் மனசு அடங்கல. நல்லது செய்யுறோம்னு நினைச்சுக்கிட்டுத்தானே மனுஷங்க பெரிய தப்பையெல்லாம் செய்யுறாங்க? டாக்டர்கிட்ட காட்டலாமேன்னு, மாப்பிள்ளையோட அம்மாவுக்கு, அதான் சம்பந்திக்கு, ஃபோன் பண்ணிட்டா.

"சம்பந்தி, சும்மாதான் கேட்குறேன். தம்பிக்குச் சின்ன வயசுல, ராத்திரியில... ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

"ஏன் கேட்குறீங்க?"ன்னாங்க சம்பந்தி.

"ஒண்ணுமில்ல, பெட்ஷீட்..." டக்குனு வெச்சுட்டா.

மறுநாள் காலையில மாப்பிள்ளை இறங்கி வந்தார். கையில பை. பின்னாடி அபிநயா, கண்ணு ரெண்டும் வீங்கி. இன்னும் விருந்துகூடப் போடல. மாப்பிள்ளை பையை வாசக்கதவுகிட்ட வெச்சார்.

"அத்தை, கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் மேல வர்றீங்களா?"

மேல போனா. கட்டில்ல ரப்பர் ஷீட் நாலா மடிச்சு, அழகா, நடுவுல இருக்கு. அதைப் பார்த்ததும் அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மாப்பிள்ளை அதைப் பத்தி ஒண்ணும் கேட்கல. மிஷினைக் கடகடன்னு இழுத்துத் திருப்பினார். பின்னாடி, அடியில, விரல் நுழையுற அளவு ஒரு ஓட்டை. அதுல ஒரு கந்தல் துணி.

"இங்க ஒரு மூடி இருக்கணும் அத்தை. எப்பவோ தொலைஞ்சிருக்கு. காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இது வயித்துல சேர்த்துக்கும். அப்பப்போ வடிச்சு விடணும். விடலேன்னா இப்படித்தான், துணியைத் தாண்டி ஒழுகும்."

ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளிய வேர்க்குமில்ல, அது மாதிரி மிஷினுக்கு உள்ளே வேர்க்கும். அந்தத் தண்ணிதான். புரியுதா?

ம்.

அப்புறம் பக்கவாட்டுல ஒரு சட்டத்தை இழுத்தார். ஃபில்டர். கம்பளி மாதிரி அழுக்கு. "இதைக் கழுவி வருஷமாயிருக்கும். அதான் தண்ணி மஞ்சளா வருது. ராத்திரியெல்லாம் மக்கு வெச்சுப் பிடிச்சேன். மக்கு நிறைஞ்சப்போ பெட்ஷீட்டால துடைச்சேன்."

சுலோச்சனா ஓட்டையைப் பார்த்தா, ஃபில்டரைப் பார்த்தா. "முதல் நாளே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை"ன்னா. குரல் கிணத்துக்குள்ளேருந்து வந்துச்சு.

"புதுசுன்னு சொன்னீங்க."

அவ்வளவு மெதுவாச் சொன்னார். அறைஞ்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "அதுவும் இல்லாம, எனக்கு ஒன்பது வயசு வரைக்கும் அந்தத் தொந்தரவு இருந்துச்சு அத்தை. முதல் நாள் காலையில எழுந்து தரையில தண்ணியைப் பார்த்ததும், முதல்ல என்னைத்தான் தொட்டுப் பார்த்துக்கிட்டேன். மிஷின்தான்னு தெரிஞ்சப்புறமும் வாய் வரல. தண்ணின்னு சொன்னா நீங்க மிஷினைப் பார்ப்பீங்களா, என்னைப் பார்ப்பீங்களான்னு இருந்துச்சு."

"அபிக்குத் தெரியுமா?"

"நேத்து வரைக்கும் தெரியாது. அம்மா அழுதுக்கிட்டே கூப்பிட்டாங்க, திரும்பவும் ஆரம்பிச்சுடுச்சாடான்னு. ஃபோன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு."

சுலோச்சனாவுக்கு எங்க பார்க்கிறதுன்னே தெரியல. கண்ணைத் துடைக்கக்கூட வெட்கமா இருந்துச்சு, அழுது காரியம் சாதிக்கிறான்னு நினைச்சுட்டா? விறுவிறுன்னு படியிறங்கினா. கூடத்துல தாமோதரன் பேப்பரோட இருந்தார், அபிநயா தூணோட தூணா நின்னா, மாப்பிள்ளை பாதிப் படியில நின்னார். எல்லார் காதும் அங்க இருந்துச்சு. சுலோச்சனா சம்பந்தியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டா.

"சம்பந்தி, நான் சுலோச்சனா. உங்க பையன் மேல ஒரு சொட்டுத் தப்பு கிடையாது. எங்க வீட்டு மிஷின்தான் ஒண்ணுக்குப் போச்சு. அதுவும் பழைய மிஷின். புதுசுன்னு நான் பொய் சொன்னேன். என் பொய்யைக் காப்பாத்த அவர் ராத்திரியெல்லாம் தண்ணி பிடிச்சிருக்கார். நான் அவரைச் சந்தேகப்பட்டு உங்ககிட்ட வந்து நின்னேன்."

தாமோதரன் பேப்பர் மெல்ல மெல்ல மேல ஏறி அவர் முகத்தை மூடிக்கிச்சு.

"நான் நேத்து ராத்திரி கண்ணை மூடல சம்பந்தி"ன்னாங்க அந்த அம்மா.

"தெரியும்."

"இனிமே என் பையனைப் பத்தி ஏதாவது கேட்கணும்னா, அவனையே கேளுங்க."

டக். வெச்சுட்டாங்க. வெச்சதுல நியாயம் இருந்துச்சு. சுலோச்சனா ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டே நின்னா, கீழ வைக்கணும்னு தோணாம. எல்லாரும் வாசக்கதவுகிட்ட இருந்த பையைப் பார்த்தாங்க. மாப்பிள்ளையும் பார்த்தார்.

அப்புறம் அவர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டார்.

"அத்தை, அகலமா ஒரு தாம்பாளம் இருக்கா? சாய்ச்சுப் பிடிச்சாத்தான் முழுசா வடியும். மக்கு வேற காணோம்."

சுலோச்சனா ஓடினா. கையில அகப்பட்டது சீர் வெச்ச பித்தளைத் தாம்பாளம். அதையேதான் எடுத்துக்கிட்டு மாடி ஏறினா. "இதுலயா?"ன்னார் மாப்பிள்ளை. "இதுலதான்"ன்னா. அவர் கந்தலை உருவி மிஷினைச் சாய்ச்சார், அவ தரையில உட்கார்ந்து ஏந்தினா. குளுக், குளுக், குளுக்னு தண்ணி இறங்குச்சு. அவரும் தண்ணியைப் பார்த்தார், அவளும் தண்ணியைப் பார்த்தா.

"அவ்வளவுதானா மாப்பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை."

அப்போ கீழேருந்து, அபிநயா பையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு படியா மாடி ஏறுற சத்தம் கேட்டுச்சு. தொம். தொம். தொம்.

அப்புறம் மாமியார் அவர் முகத்தைப் பார்த்தாளா?

உடனே இல்ல. அதுக்கு நாளாச்சு. மிஷின் வயிறு காலி, கதைப் பையும் காலி. திரும்பிப் படு, கண்ணை மூடு.