ஒருத்தி மிச்சம்

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கு வாயும் நீளம், வீம்பு அதைவிட நீளம். நடந்தால் பன்னிரண்டு பன்னிரண்டாக, கல்யாண ஊர்வலம் மாதிரிதான் நடக்கும். ஒரே புற்றில் இருந்த கறுப்புக் கூட்டமும் சிவப்புக் கூட்டமும் அடித்துக்கொண்டு ஓய்ந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. இரு கூட்டமும் வரிசைக்கு இத்தனை பேர் என்று ஒரே அகலத்தில் நடக்க வேண்டும், எந்த வரிசையிலும் ஆள் குறையக்கூடாது. மீறினால் மறுபடி சண்டைதான்.

ஓர் ஐப்பசியில் புற்றுக்குள் வெள்ளம் புகுந்தது. தப்பிக்க ஒரே வழி, வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்த தென்னை மரம். வரிசை கட்டுவது கறுப்பி பேச்சியின் வேலை. அவசரமாய் எண்ணினாள். கறுப்பு நாற்பத்தெட்டு, சிவப்பு முப்பத்தாறு. பன்னிரண்டு பேராக நிறுத்தினால் கறுப்பு நான்கு வரிசை, சிவப்பு மூன்று.

"கிளம்புங்கடி!" என்றாள்.

அப்போதுதான் காத்தாயி நொண்டிக்கொண்டு வந்தாள், வாயில் கடைசி முட்டையோடு. அடக் கொடுமையே! முட்டையை எடுத்துவர அவளைக் கீழறைக்கு அனுப்பியதே பேச்சிதான். அனுப்பியவள் எண்ணும்போது மறந்துவிட்டாள். கறுப்பு இப்போது நாற்பத்தொன்பது.

"ஒருத்தி மிச்சம். விட்டுட்டு வா, தண்ணி ஏறுது," என்றாள் கறுப்புத் தலைவி வீராயி.

"நீங்க போங்கக்கா. முட்டையை மட்டும் வாங்கிக்கோங்க," என்றாள் காத்தாயி.

"வாயை மூடுடி!" பேச்சி அவளை இழுத்து வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "நீ இல்லாம நான் நகர மாட்டேன்."

ஆறாறாய் நிறுத்தினாள். நான்காய், மூன்றாய், இரண்டாய் நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் காத்தாயி தனியே நின்றாள். ஏழாய் நிறுத்தினாள். ஏழேழு நாற்பத்தொன்பது! கறுப்புகள் குதித்தன. ஆனால் சிவப்பில் ஐந்து வரிசை போக ஒருத்தி நின்றாள்.

"எங்க பிள்ளைய விடச் சொல்றியா?" சிவப்புத் தலைவி செவ்வந்தி முறைத்தாள்.

"யாரையும் விடப்போறதில்ல. ரெண்டு கூட்டத்துக்கும் மிச்சமில்லாம வர்ற எண் ஒண்ணுதான் இருக்கு. ஒவ்வொருத்தரா நடப்போம்."

"ஒத்தையாவா? ஊரே சிரிக்குமேடி!" என்றாள் வீராயி.

"சிரிக்கட்டும் ஆத்தா. நாம உயிரோட இருந்தாத்தானே நம்மளப் பார்த்துச் சிரிக்க முடியும்?"

காத்தாயியை முதலில் ஏற்றினாள். அவள் நொண்டிய வேகத்துக்கே எல்லாரும் பின்னால் நடந்தார்கள். மரத்தடியில் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள் பேச்சி. எண்பத்து நான்கு தலை போன பிறகு, தண்ணீர் காலை இழுக்க, எண்பத்தைந்தாவதாகத் தானும் ஏறினாள்.

அன்று முதல்தான் எறும்புகள் ஒற்றை வரிசையில் போகின்றன. எதிரே வருபவளின் தலையைத் தொட்டு, "உங்க வீட்ல யாரும் விட்டுப்போகலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கின்றன.