பன்னிரண்டாவது ஆளுக்கு இரண்டு கிளாஸ் டீ

"பதினொரு பேரும்மா. பதினொரு பேரும் பழசுக்கே திரும்பிப் போயிட்டாங்க."

குணாளன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆபிதா ஒரு லேப்டாப்பைக் கழற்றி வைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தாள்.

நாகப்பட்டினத்தில் அவளுடைய ரிப்பேர் கடை எட்டடி அகலம். அவளுக்கு வயது இருபத்தாறு. ஐஸ் பேக்டரி சூப்பர்வைசர் குணாளனுக்கு நாற்பத்தொன்பது. ஆனாலும் ஊரில் லினக்ஸ் பயன்படுத்தும் பதினாலு பேரும் அவளைத்தான் குரு என்பார்கள். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. கேலி எப்போது கழன்று விழுந்ததென்று யாருக்கும் நினைவில்லை.

குணாளனுக்கு லினக்ஸ் என்றால் பைத்தியம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குத் தரலாம் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு இயங்குதளம் இருப்பதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை. ஒன்பது வருடமாக நம்ப முடியவில்லை. பைக்கில்கூட லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர்தான்.

"மச்சானுக்குப் போட்டேன். டெய்லருக்குப் போட்டேன். எங்க மேனேஜருக்குப் போட்டேன். ஸ்க்ரீன்ல ஜன்னலைப் பிடிச்சு இழுத்தா ஜெல்லி மாதிரி ஆடும். அவ்வளவு அழகு! ஒரே வாரம். எல்லாரும் பழசையே திரும்பப் போட்டுக்கிட்டாங்க."

"ஏனாம்?"

"கேட்டா, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் புரியலை'ங்கறாங்க. சனங்களுக்கு ஆர்வமே கிடையாதும்மா."

குரலில் கோபம்தான் இருந்தது. உள்ளே வருத்தம். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு பேச ஆளில்லாமல் திரிவது லேசான துன்பம் இல்லை.

"இப்ப யாருக்குப் போடப் போறீங்க?"

"வீட்டுக்காரம்மாவுக்கு."

ஆபிதா ஊதுவதை நிறுத்தினாள்.

விஷயம் இதுதான். குணாளனின் மனைவி பூங்கோதை பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாக அலையாத்திக் காட்டு நண்டுகளைப் பற்றி ஆய்வு செய்கிறார். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் இருபது நாள். இனி ஒரு நாள்கூடத் தள்ளித் தர மாட்டோம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து லேப்டாப் முதுமையடைந்துவிட்டது. திறக்கக் கால் மணி நேரம். ஒரு பத்தி எழுதினால் உறைந்து நிற்கும். தூக்கிப் போடுங்கள் என்றுவிட்டார் விற்ற கடைக்காரர்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'ஒரே ஒரு தடவை. என் நண்டுக்கு ஏதாவது ஆச்சு, இந்த வீட்டுல லினக்ஸுங்கற பேச்சே இருக்கக் கூடாது. வண்டி ஸ்டிக்கரையும் கிழிச்சுடுவேன்.'"

ஆபிதா பலகையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்குங்க சார். போட்டுக் குடுங்க. எப்படிப் போடறீங்கன்னு பார்க்கறேன்."

குணாளன் முகம் மலர்ந்தது. "தள்ளும்மா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆபிதா எழுந்து அவர் பின்னால் நின்றாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் மழையாகக் கொட்டின. விரல்கள் பறந்தன. நடுவில் ஏதோ பிழை வந்தது. அது என்னவென்று யாரும் படிப்பதற்குள் அவர் நாலு வரி அடித்து அதைத் துரத்திவிட்டார். பதினெட்டாவது நிமிடம் திரையில் நீலக் கடலும் ஒரு படகும் வந்தன. மூலையில் கடிகாரம் சுற்றியது.

"பார்த்தியா!"

"பார்த்தேன் சார்."

"என்ன பார்த்தே?"

"உங்க சட்டைக் காலர்ல, பின்பக்கம் தையல் விட்டிருக்கு."

குணாளனின் கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போனது. விட்டுத்தான் இருந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆபிதா வாசலைப் பார்த்து, எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தாள். "அண்ணே, ரெண்டு டீ! தளும்பத் தளும்ப!"

டீ வந்தது. இரண்டையும் அவள் குடிக்கவில்லை. ஒன்றை அவருடைய வலது கையில் கொடுத்தாள். இன்னொன்றை இடது கையில்.

"இப்படியே பிடிச்சுக்கிட்டு அம்மாவுக்குப் போடுங்க. வாய் திறக்கலாம். அவங்க கேட்டா மட்டும்."

"கையில்லாம எப்படிம்மா போடறது?"

அவள் தூசி ஊதத் தொடங்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பூங்கோதை நண்டுகளை இரண்டு பென் டிரைவில் பத்திரப்படுத்தி, இரண்டையும் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். கணவரை அவ்வளவு நம்பினார்.

குணாளன் தானே டீ போட்டு, தானே ஊற்றி, இரண்டு கிளாஸையும் ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னங்க இது வேஷம்?"

"குரு சொல்லியிருக்கு."

"எனக்கு ஒண்ணு குடுங்களேன்."

"கூடாது. ரெண்டும் எனக்குத்தான்."

பூங்கோதை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகினார்.

"இப்ப என்ன செய்யணும்?"

"ஆன் பண்ணினதும் எஃப் பன்னிரண்டு கீயை அமுக்கு."

அமுக்கினார். தாமதமாகிவிட்டது. பழைய விண்டோஸே வந்தது. குணாளனின் தோள் முன்னால் பாய்ந்தது, டீ தளும்பி விரலில் பட்டது, தோள் பின்வாங்கியது. மறுபடி ஆன் செய்து, வேகமாக அமுக்கினார் பூங்கோதை. எதிலிருந்து திறக்கலாம் என்ற பட்டியல் வந்தது.

"ஆங்!" என்றார். அந்த 'ஆங்' குணாளனுக்குப் புதிது. பதினொரு பேரிடமும் அவர் கேட்டதில்லை.

திரை தமிழா ஆங்கிலமா என்று கேட்டது. தமிழ் என்றார் பூங்கோதை. பழசை அழித்துவிடட்டுமா என்று கேட்டது. பூங்கோதை முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழி என்றார். எந்த ஊர் என்று கேட்டது. வரைபடத்தில் நாகப்பட்டினத்தைத் தேடினார். இல்லை. கொல்கத்தாதான் இருந்தது. "சரி, போகட்டும், அதே மணிதானே" என்று அதையே அமுக்கினார்.

பாதி வழியில் இன்ஸ்டால் நின்றது.

குணாளனுக்குத் தெரியும். வைஃபையை இயக்கும் டிரைவர் இல்லை. ஏழு வரிக் கட்டளை ஒன்று உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடிப்பார். விரல்களெல்லாம் கிளாஸுக்கு மேல் துடித்தன. வாயைத் திறந்தார். கேட்டால் மட்டும் என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார். இருபது நாள், ஆறு வருடம், வண்டி ஸ்டிக்கர், எல்லாம் கண்ணுக்குள் ஓடின.

பூங்கோதை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். சகதியில் நண்டு வளையைப் பார்ப்பதுபோலத் திரைக்குள் குனிந்தார். வாய்விட்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"டிரைவர் வேணுமாம். அதை எடுக்க இணையம் வேணுமாம். இணையம் வரணும்னா டிரைவர் வேணுமே?"

அது கேள்வியா இல்லையா என்று குணாளனுக்குத் தெரியவில்லை. கிளாஸ்களை இறுக்கிப் பிடித்தார்.

"என் போன்ல இணையம் இருக்கு. ஒயரால இதையும் அதையும் இணைச்சா என்னங்க?"

குணாளன் கிளாஸோடு ஒரு அடி முன்னால் வந்தார். "இணைச்சுப் பாரேன்" என்றார்.

இணைத்தார். போனில் எதையோ தேடி ஆன் செய்தார். பட்டை நகர்ந்தது. நாற்பது. எழுபது. நூறு.

"வந்துடுச்சுங்க! என்னங்க, வந்துடுச்சு!"

பூங்கோதை அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். டீ வேட்டியெல்லாம் கொட்டியது. சூடு தொடையில் உறைத்தது. குணாளன் அசையவில்லை, சிரித்துக்கொண்டே நின்றார்.

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. நண்டுகள் எட்டு வினாடியில் திறந்தன. எட்டே வினாடி! பூங்கோதை மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். நாலாம் அத்தியாயத்தில் ஒரு அட்டவணை சாய்ந்து கிடந்தது. அதையும் அவரே இழுத்து நிமிர்த்தினார்.

"இந்தக் கடிகாரத்தை இடது பக்கம் வைக்கலாமா?"

"எங்க வேணா வைக்கலாம் கோதை! எங்க வேணாலும்!"

பத்தொன்பதாவது நாள் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு, பூங்கோதையுடன் வேலை பார்க்கும் மெர்சி டீச்சர் வந்தார். கையில் ஒரு கிழட்டு லேப்டாப்.

"உங்களுது பறக்குதாமே. யார் போட்டுக் குடுத்தது? உங்க வீட்டுக்காரரா?"

"அவரா? அவர் டீயோட நின்னுக்கிட்டிருந்தார். நான்தான் போட்டேன்!"

குணாளனுக்கு ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்ததில்லை. தூணில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கும் போடணும் டீச்சர். முதல்ல என்ன பண்ணணும்?" மெர்சி லேப்டாப்பைத் திறந்தார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்! கொஞ்சம் தள்ளுங்க, நான் போட்டுத் தரேன்!"

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணில் ஒளி. எஃப் பன்னிரண்டு. விரல்கள் பறந்தன. மெர்சி டீச்சர் பின்னால் நின்று, பூங்கோதையின் கொண்டையில் தொங்கிய கனகாம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணாளன் சமையலறைக்குள் போனார்.

திரும்பி வந்தபோது இரண்டு கிளாஸ்களும் தளும்பத் தளும்ப இருந்தன.

"கோதை, கையை நீட்டு."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பூங்கோதை ஒரு கையை நீட்டினார்.

"ரெண்டையும்."