அறுந்தே போகாத பெல்ட்

"அம்மா, அறுந்தே போகாத பெல்ட் எது?"

தணிகாசலம் கீழே நின்று அண்ணாந்து கேட்டார். பூவாத்தா மரத்தின் மேல் இருந்தார்.

"எதுக்குங்க சார்?"

"நீங்கதானே வாங்கிட்டு வரச் சொன்னீங்க?"

"பெல்ட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன். அறுந்தே போகாததுன்னு நான் சொல்லலியே."

மேலிருந்து ஒரு கிளை விழுந்தது. தணிகாசலம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

*

பூவாத்தாவுக்கு நாற்பது வயது. மலைமேல் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வது அவர் தொழில்.

அவரை ஞானி என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. நிச்சயமாக அவர் சொல்லவில்லை. ஆனாலும் நிம்மதி கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர் கையில் அவர் ஒரு கைவாளைக் கொடுத்தார். பாதிப் பேர் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்கள். மீதிப் பேருக்கு எப்படியோ நிம்மதி கிடைத்தது, அல்லது கைவலியில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

தணிகாசலத்துக்கு அறுபத்தொரு வயது. கயிறுகளையும் வார்களையும் இழுத்து அறுத்துப் பார்க்கும் சோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் அதிகாரியாக இருந்தவர். அவர் 'சரி' என்று கையெழுத்துப் போட்ட கயிறு அறுந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் 'சரி' என்று வேறு யாரிடமும் எதற்கும் சொன்னதாகவும் சரித்திரம் இல்லை.

வந்த முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"என் மனைவி கோமளா கோவிச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அஞ்சு மாசமாச்சு. போன் பண்ணா எடுக்கறா. 'ம்'னு மட்டும் சொல்றா."

"என்ன சண்டைங்க?"

"எங்க கல்யாணத்தன்னிக்கு மழை பெஞ்சுதுன்னு அவ சொல்றா. பெய்யல."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானாவா? முப்பத்தஞ்சு வருசமா சொல்லிட்டிருக்காம்மா!"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வானிலை நிலையத்துக்கு ஏழு முறை எழுதிப் போட்டு வாங்கியது. அந்தத் தேதியில் அந்த ஊரில் மழையளவு: இல்லை. கசங்கிவிடக் கூடாது என்று லேமினேட் செய்திருந்தார்.

"இதை அந்தம்மாகிட்ட காட்டுனீங்களா?"

"முப்பத்தஞ்சாவது கல்யாண நாளன்னிக்குக் காட்டினேன். சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருந்தாங்க. சாட்சி வேணும்ல?"



"அந்த மழையில என்ன நடந்துச்சுன்னு சொல்வாங்க?"

"நான் என் துண்டை எடுத்து அவ தலைமேல பிடிச்சேனாம். பெய்யாத மழைக்கு எவனாவது துண்டு பிடிப்பானாம்மா?"

பூவாத்தா கைவாளை எடுத்து அரம் போட ஆரம்பித்தார்.

"அவளைத் திரும்பக் கூட்டிட்டு வரணும். வீடு வீடாவே இல்ல. வழி சொல்லுங்க."

"இடுப்புல வேலைச் சாமான் மாட்டற பெல்ட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க சார். நல்லா நாள்பட உழைக்கிறதா. அப்புறம் சொல்றேன்."

*

தணிகாசலத்துக்கு இது கேள்வியே இல்லை. இதற்காகவே பிறந்தவர் அவர்.

முதலில் தோல் பெல்ட் வாங்கினார். மலைச் சாரலில் பத்தே நாளில் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிட்டது.

அடுத்து நைலான். ஒட்டிப் பிரிக்கும் பட்டை வைத்தது. குனிந்தபோது பர்ரென்று பிரிந்து, கைவாள் காலுக்கு ஒரு விரல் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

மூன்றாவது கித்தான். ரிவெட் அடித்தது. அதில் ஆட்டுக்கல்லைக் கட்டிப் பலாமரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார். ரிவெட் பிய்ந்து ஆட்டுக்கல் கீழே விழுந்து உடைந்தது. அது பூவாத்தாவின் ஆட்டுக்கல்.

"பரவால்லீங்க சார், கடையில மாவு வாங்கிக்கலாம்" என்றார் பூவாத்தா. ஆனால் அந்த வாரம் முழுக்கத் தணிகாசலத்துக்கு உப்புமாதான் கிடைத்தது.

கடைசியில் சேலத்துக்கே இறங்கிப் போனார். லாரியில் பாரம் கட்டும் பட்டை ஒன்றைப் பிடித்தார். இழுக்க இழுக்க இறுகும் இரும்புப் பூட்டு. லாரி சீட் தைப்பவரிடம் உட்கார்ந்து, வாளுக்கு ஒன்று, அரிவாளுக்கு ஒன்று, கத்திரிக்கு ஒன்று என்று பைகள் வைத்துத் தைத்து வாங்கினார். திரும்பி வந்து அதில் தன்னையே கட்டிப் பலாமரத்தில் அரைமணி நேரம் தொங்கினார்.

பெல்ட் அசையவில்லை. அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அந்த ஆனந்தத்தோடு இறங்கியபோதுதான் சுவரில் மாட்டியிருந்த பூவாத்தாவின் பெல்ட்டைப் பார்த்தார். பழைய படுதாத் துணி. நாலைந்து ஒட்டு. அதெல்லாம் கூடப் போகட்டும். முன்பக்கம் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது ஒற்றைச் சணல்.

சணல்! அவர் நெஞ்சு பதறியது. இந்தச் சணலை நம்பியா அம்மா ஐம்பதடி ஏறுகிறார்?

பூவாத்தா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சணலை அறுத்து எறிந்தார். அதே இடத்தில் கட்டுக்கம்பியை நாலு முறுக்கு முறுக்கிவிட்டார். குருவுக்குச் சேவை செய்த திருப்தியில் உப்புமாவே இனித்தது.

*

காலையில் பூவாத்தா பெல்ட்டை எடுத்து இடுப்பில் சுற்றினார். பழக்கத்தில் கை முடிச்சைத் தொட்டது. அங்கேயே நின்றது.

கம்பியைப் பார்த்தார். தணிகாசலத்தைப் பார்த்தார்.

"நீங்க பார்த்த வேலைங்களா?"

"ஆமாம்மா. இனிமே ஆயுசுக்கும் அறுந்து போகாது."

பூவாத்தா திட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"உங்க பெல்ட்டைக் கட்டுங்க சார். வாள், அரிவாள் எல்லாம் வேண்டாம், எடுத்துருங்க."

கட்டினார்.

சரிவின் ஓரத்தில் முந்தாநாள் வெட்டிய மரத்துண்டு ஒன்று கிடந்தது. பூவாத்தா ஒரு கயிற்றை எடுத்து, ஒரு முனையை மரத்துண்டிலும் மறுமுனையை அந்தப் பெல்ட்டிலும் கட்டினார்.

"இது என்ன சோதனைம்மா?" தணிகாசலம் ஆர்வமாகக் கேட்டார்.

பூவாத்தா மரத்துண்டைக் காலால் எத்தினார்.

அது உருண்டது. தணிகாசலமும் போனார். முதலில் நடந்து போனார், பிறகு ஓடிப் போனார், அதன் பிறகு எப்படிப் போனார் என்று சொல்வது மரியாதையாக இருக்காது. பூட்டை இழுத்துப் பார்த்தார். அது இழுக்க இழுக்க இறுகும் பூட்டு.

சரிவின் அடியில் காப்பிப் பழத் தோலைக் கொட்டி ஊறவைக்கும் குழி இருந்தது. மெத்தென்றுதான் இருந்தது. நாற்றம் மட்டும் அடுத்த தோட்டம் வரை வரும்.

"பெல்ட் தாங்குச்சுங்களா சார்?" மேலிருந்து பூவாத்தா கேட்டார்.

"தாங்குச்சும்மா" என்றது குழி.

அவர் ஏறி வருவதற்குள் பூவாத்தா தன் பெல்ட்டில் கம்பியைப் பிரித்துவிட்டுப் புதுச் சணல் போட்டிருந்தார். அதைக் கட்டிக்கொண்டு, இன்னொரு மரத்துண்டைக் கயிற்றால் அந்தப் பெல்ட்டோடு கட்டி எத்தினார்.

டப்.

மரத்துண்டும் பெல்ட்டும் உருண்டு போயின. பூவாத்தா நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னை மரத்தோட கட்டற கயிறு வேற சார். அது அறக்கூடாது. இது சாமான் மாட்டற பெல்ட். விழற கிளை சில சமயம் இதுல இருக்கற வாளைப் பிடிச்சு இழுக்கும். அப்ப ஒண்ணு பெல்ட் போகணும், இல்ல நான் போகணும்."

தணிகாசலத்தின் மீசையிலிருந்து காப்பிப் பழத் தோல் ஒன்று வழிந்தது.

"இதுவரைக்கும் எத்தனை தடவை அறுந்திருக்கு?"

"பதினாலு, பதினஞ்சு இருக்கும்."

"இந்தப் பெல்ட் வாங்கி?"

"பத்தொம்பது வருசம். சணல் மட்டும் மாத்துவேன்."

*

தணிகாசலம் மூன்று முறை குளித்தார். சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து அந்தக் காகிதம் வந்தது. லேமினேட் செய்ததால் ஒன்றும் ஆகவில்லை. விரலால் துடைத்தார். மழையளவு: இல்லை.

வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டைப் பிடித்தது அவருக்கு நினைவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

எழுந்து போய் லாரிப் பட்டையிலிருந்து இரும்புப் பூட்டை அறுத்தெடுத்தார்.

"அம்மா, கொஞ்சம் சணல் இருக்கா?"

பூவாத்தா கொடுத்தார்.

"இங்க சிக்னல் எங்க கிடைக்கும்?"

பூவாத்தா மேட்டிலிருந்த பாறையைக் காட்டினார்.

பாறை மேல் ஏறி நின்று போன் போட்டார். நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"கோமளா."

"ம்."

"நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை பெஞ்சுதுதான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார். இருந்தது.

"கேக்குதா கோமளா? நல்ல மழை."

"அப்படி ஒண்ணும் பெரிய மழை இல்லீங்க" என்றது குரல். "தூத்தல்தான்."