கழித்த ஓலையில் எழுதியவர்

காவிரியின் தென்கரையில் உள்ள நெல்லிக்குறிச்சியில், நெல்லிவனநாதருக்குத் தம்மையே கொடுத்துவிட்ட ஐயாறப்பர் என்றோர் அடியார் வாழ்ந்திருந்தார். பனையோலை வெட்டி வந்து, அவித்து, நிழலில் உலர்த்தி, சங்கால் தேய்த்து, ஏடுகளாக நறுக்கி மடத்துக்குக் கொடுப்பது அவர் தொழில். அந்த ஏடுகளில் மடத்தார் அரசர் புகழும் தலபுராணமும் எழுதுவார்கள். கீறல் விழுந்தது, நுனி கருத்தது, பூச்சி துளைத்தது என்று அவர்கள் கழித்துப் போட்டவற்றை ஐயாறப்பர் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வருவார். நெற்றி நிறைய நீறு பூசி, ஐந்தெழுத்தைச் சொல்லி, எழுத்தாணியைக் கையில் எடுப்பார். சாணி தட்டுகிறவள், சுமை தூக்குகிறவன், பஞ்சம் பிழைக்க வந்தவன் என்று யார் வந்து சொன்னாலும் அவர்கள் குடும்பக் கதையைக் கேட்டு எழுதி வைப்பார். ஈசன் குடியிருக்கும் உயிர்களின் கதை ஈசன் கதைதானே என்பது அவர் எண்ணம். அவருக்கும் மனைவி உமையாளுக்கும் பிள்ளை இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பரணில் ஊராரின் வம்சமெல்லாம் இருந்தது.

மடத்து எழுத்தர் வைத்திலிங்கத்துக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன ஓய், இன்னிக்கு எந்த மகாராஜா சரித்திரம்? சாணி தட்டுற காத்தாயியோடதா? பட்டாபிஷேகம் எருக்குழியிலதானே?" என்பார். ஐயாறப்பர் சிரித்துக்கொண்டே கழித்த ஓலைகளைக் கட்டுவார்.

ஒரு வருஷம் வாந்திபேதி வந்தது. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியிருந்த நெசவாளிகளின் தெருவைத் துடைத்துக்கொண்டு போயிற்று. கடைசியாகக் கிடந்த ஒரு தாய் ஐயாறப்பரை வாசலுக்கு அழைத்து, மூச்சு வாங்க வாங்கத் தன் குடும்பத்தின் கதையைச் சொன்னாள். "எம் புள்ள ஒரு நாள் கேக்கும் சாமி. கேக்குறப்ப சொல்லுங்க" என்றாள். அன்று அந்தி சாய்வதற்குள் அவளும் போனாள். குழந்தை பவளத்தை, எண்ணெய் ஆட்டும் செக்கார் வீட்டில் எடுத்து, தங்கள் மகளாகவே வளர்த்தார்கள். கேட்கிற வயது வரட்டும் என்று ஐயாறப்பரும் காத்திருந்தார்.

பவளத்துக்கு மணம் பேசிய ஆண்டில், ஆடி மாதம், ஐயாறப்பர் கடும் சுரத்தில் விழுந்தார். பேச்சு நின்றது. வைத்தியர் கையை விரித்தார். பார்க்க வந்த வைத்திலிங்கம் பரணை அண்ணாந்து பார்த்தார். "பழைய ஏட்டை வீட்டுல சேத்து வைக்கப்படாது உமையா. பதினெட்டாம் பெருக்குல ஆத்துல விட்டுடு. மடத்துலயே அப்படித்தான் செய்யறோம். அந்தப் புண்ணியம் உன் தாலியக் காக்கும்" என்றார். மடத்தில் புதுப் படி எடுத்த பிறகுதான் பழையதை ஆற்றில் விடுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எழுத்தறியாத உமையாள் கேட்கவுமில்லை. அவள் ஏடுகளுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, பூச்சுற்றி, தலையில் சுமந்துபோய்க் காவிரியில் சேர்த்துவிட்டு வந்தாள்.

மறுநாளே சுரம் விட்டது.

கண் திறந்ததும் ஐயாறப்பர் பரணைப் பார்த்தார். "உமையா, ஏடெல்லாம் எங்கே?"

"ஆத்தம்மாகிட்ட விட்டுட்டேங்க. நீங்க பொழைக்கணும்னு."

அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தார்; அது மெல்ல மெல்ல அணைவதையும் பார்த்தார். "எனக்காகத்தானே செஞ்சே" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தான் செய்தது என்னவென்று உமையாளுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் மற்றவர் அறியாமல் அழுதார்கள்.

நினைவிலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தார். சுரம் அதையும் தின்றிருந்தது. ஒரு வீட்டுத் தகப்பன் இன்னொரு வீட்டு மகனோடு சேர்ந்தான். பெண்கள் பேரில்லாமல் நின்றார்கள். "ஏடு ஆத்தை எதுத்துக்கிட்டு வரும்னு பாக்கறீரோ?" என்று, ஆற்றங்கரையில் நின்றவரிடம் வைத்திலிங்கம் கேட்டார். ஐயாறப்பர் ஆற்றைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

தை பிறந்ததும் பவளம் வந்தாள். அவளைப் பெற்றவள் வேறு என்பதையும், அந்தத் தாய் தன் கதையை ஐயாறப்பரிடம் சொன்னதையும் வளர்த்தவர்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள்; பேர் அவர்களுக்கும் தெரியாது.

"பெரியப்பா, தாலி ஏறுறதுக்கு முன்னாடி செத்தவங்களுக்குப் படையல் போடணுமாம். எங்க ஆத்தா பேரு என்ன?"

அவர் வாயைத் திறந்தார். அந்த வாசல் கண்ணில் தெரிந்தது. மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. பேர் மட்டும் வரவில்லை.

"மறந்துட்டேன் தாயி."

"பரவாயில்ல பெரியப்பா. பேரு சொல்லாமயே கூப்புட்டுக்கறேன். அவங்களுக்குத் தெரியாதா என்ன?" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆறுதல்தான் அவரைக் கொன்றது. சந்நிதியில் போய் விழுந்தார். "சுவாமி, நான் பிழைத்து என்ன பயன்? அந்த ஏடு பிழைத்திருக்கலாமே" என்று கதறினார். கல்லிலிருந்து பதில் இல்லை. ஆனாலும் மறுநாள் நீறு பூசினார், ஐந்தெழுத்தைச் சொன்னார், ஓலை அவித்தார். அழுகை நிற்காதபோதும் தொண்டு நிற்கவில்லை.

படையலன்று காலை, ஈர வேட்டியோடு ஒரு கிழவர் வந்து ஓலைக் குவியலருகே உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"நொண்டித் தறிக்காரன் மாரப்பன். அவன் பெண்டாட்டி சோலைச்சி. அவங்க மக வெள்ளையம்மா, அவ புருசன் சின்னான். புருசனும் போனப்புறம், குளிர்ச்சியா இருக்கட்டும்னு வெள்ளையம்மா குழந்தையைத் தறிக்குழியில கிடத்தினா. பாடத் தெம்பில்ல. விரலால பலகையைத் தட்டிக்கிட்டே இருந்தா. தட்டுற சத்தம் நின்னப்பதான் குழந்தை அழ ஆரம்பிச்சுது."

அது ஐயாறப்பர் எழுதிய வாசகம். "ஐயா, இதை எங்கே படிச்சீங்க?"

"நீ வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே எழுதுவே? கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மோர் கொண்டுவந்த உமையாளின் கையிலிருந்து செம்பு நழுவியது. "இவருதாங்க! அன்னிக்கு இடுப்பளவுத் தண்ணியில நின்னு, 'கொடும்மா'ன்னு ஏட்டையெல்லாம் எங்கிட்டேருந்து வாங்கினவரு! ஆத்துல விடத்தான் வாங்கறாருன்னு நெனச்சேன்!"

கிழவர் அவளைப் பார்த்து, "நீ தண்ணியில போடலியே அம்மா. எங்கிட்டதானே கொடுத்தே? அந்த ஜனமெல்லாம் எங்கிட்ட இருக்காங்க" என்றார். பிறகு அவரிடம், "ஐயாறப்பா, எழுதாம கிடக்கறவங்க இன்னும் எத்தனையோ பேரு. நீ எழுது" என்றார். இருவரும் விழுந்து வணங்கி எழுந்தபோது ஓலைக் குவியலருகே யாரும் இல்லை.

ஐயாறப்பர் செக்கார் வீட்டுக்கு ஓடினார். இலை போட்டுச் சோறு வைத்திருந்த பவளம் கைகூப்பி, "வெள்ளையம்மா ஆத்தா, வா. வந்து சாப்புடு" என்று முதன்முதலாகத் தன் தாயைப் பேர் சொல்லி அழைத்தாள்.

மற்றக் கதைகள் திரும்பவேயில்லை. அந்தத் துயரம் ஐயாறப்பரை விட்டு நீங்கியதும் இல்லை. கை ஓயும்வரை புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். உலகம் கழித்தவர்களைக் கழித்த ஓலையில் எழுதி, அதை ஈசனே கைநீட்டி வாங்கப் பெற்ற அவர் திருவடிகளையும், அறியாமல் அவனிடமே கொண்டு சேர்த்த உமையாளின் கைகளையும் நாம் வணங்குவோம்.