மிடுக்கியின் பத்திரமான இடங்கள்

நாவல் குட்டைக் கரையில் ஒரு பெரிய மருத மரம் இருந்தது. அதன் நடுவே அருமையான ஒரு பொந்து. மழை நனைக்காது, பாம்பு ஏறாது, வெயில் காலத்தில் உள்ளே படுத்தால் எழுந்திருக்க மனம் வராது. அந்தப் பொந்தில் மிடுக்கி என்ற அணில் தன் கணவன் சாந்தனோடு குடியிருந்தாள்.

பொந்து சும்மா கிடைத்துவிடவில்லை. மழையில் குட்டை நிறையும் நாளில் காட்டு விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் விழா எடுக்கும். தூக்கணாங்குருவிகள் விட்டுப்போன கூடுகளை விளக்கு மாதிரி கிளைகளில் தொங்கவிடுவார்கள். நத்தை ஓட்டு மாலை, குன்றிமணிச் சரம், மயிலிறகு விசிறி என்று கரையே கல்யாண வீடாகிவிடும்.

கட்டுவதற்கு எல்லாரும் வருவார்கள். அவிழ்ப்பதற்குத்தான் ஆள் இருக்காது. ஒருவருக்குக் கால் வலிக்கும், இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிடுவார். அதனால்தான் இந்த ஏற்பாடு. அலங்காரச் சாமான்களை எடுத்து வைத்து அடுத்த விழாவுக்குத் தருகிறவருக்கு மருத மரப் பொந்து. விழா நாளில் சாமான் வராவிட்டால் பொந்தைக் காலி செய்ய வேண்டும்.

மிடுக்கி அந்தப் பொறுப்பை முதல்முறையாக ஏற்றிருந்தாள்.

"எல்லாத்தையும் பொந்துலயே வைப்போம். ஓட்டு மாலை கனம், அது அடியில. கூடு நசுங்காம ஓரத்துல. இறகு மேல" என்றான் சாந்தன்.

"நல்லா இருக்கே! ஒரே இடத்துல வச்சா ஒரே திருடன் போதும். நான் பத்திரமா வைக்கிறேன், நீங்க பேசாம இருங்க" என்றாள் மிடுக்கி.

பத்திரம் என்ற சொல் அவளுக்கு வெல்லக்கட்டி. குன்றிமணிச் சரத்தைப் புற்றுக்குப் பின்னால் வைத்தாள். மாலையைப் பாறை இடுக்கில் செருகினாள். கூடுகளை மூங்கில் புதருக்குள் தள்ளினாள். விசிறியை எங்கே வைத்தாள் என்று சாந்தனிடம்கூடச் சொல்லவில்லை. "உங்க வாய் சும்மா இருக்காது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

கரையோர வளையில் தொந்தியப்பன் என்ற பெருச்சாளி இருந்தான். குட்டை நிறைந்தால் அவன் வளையிலும் தண்ணீர் நிறையும். மருத மரப் பொந்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். மிடுக்கியை அவன் நன்றாகக் கவனித்து வைத்திருந்தான். பொருளை ஒளிப்பதில் அவள் கெட்டிக்காரி. ஒளித்த பிறகு சும்மா இருக்கத்தான் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் அவன் மரத்தடிக்கு வந்தான். "அக்கா, புற்றுக்கிட்ட ஒரு கீரி மோப்பம் பிடிச்சிக்கிட்டு நின்னுச்சு. உங்களுது எதுவும் அங்க இல்லையே?"

"என்னுது எதுக்கு அங்க இருக்கப்போகுது?" என்றாள் மிடுக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அவன் தலை மறைந்ததும் ஓட்டமாக ஓடினாள். குன்றிமணிச் சரத்தை எடுத்து அதைவிடப் பத்திரமான இடத்தில் வைத்தாள். தொந்தியப்பன் புதருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் பாறைப் பக்கம் குரங்கு வந்தது என்றான். மூங்கில் புதரில் கரையான் ஏறுகிறது என்றான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மிடுக்கி ஓடினாள். பத்திரமான இடம் போய், இன்னும் பத்திரமான இடம் வந்தது. அதுவும் போய் வேறொன்று வந்தது. விசிறியை எத்தனை முறை இடம் மாற்றினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஆனால் யார் கேட்டாலும், "எல்லாம் பத்திரமா இருக்கு" என்று மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு சொல்வாள்.

மழை கொட்டியது. குட்டை நிறைந்தது. விழாத் தலைவர் முள்ளம்பன்றி வேலாயுதம் மரத்தடியில் வந்து நின்றார்.

"சாயங்காலத்துக்குள்ள தோரணம் ஏறணும். சாமானைக் கொண்டா தாயி" என்றார்.

"இதோ கொண்டாரேன் அண்ணே."

மிடுக்கி புற்றுக்குப் போனாள். இல்லை. பாறை இடுக்கைப் பார்த்தாள். அங்கும் இல்லை. ஆலமர வேரடியில் கையை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. போன கோடையில் அவள் பத்திரமாக வைத்திருந்த புளியங்கொட்டை. அதையும் இவ்வளவு நாள் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

"எங்க வச்சே?" என்றான் சாந்தன்.

"பத்திரமான இடத்துலதான்."

"அதான், எந்தப் பத்திரமான இடம்?"

மிடுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொந்துக்குள், அண்மையில் பிறந்து இன்னும் கண் திறக்காத குட்டிகள் கீச்சுக் கீச்சென்று கத்தின. "இதுங்கள வச்சிக்கிட்டு இந்த மழையில எங்க போவோம்?" என்று அழுதாள். சாந்தனுக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஒரு கட்டு வைக்கோலைத் தலையில் சுமந்துகொண்டு தொந்தியப்பன் வந்து சேர்ந்தான்.

"படுக்கையை எந்தப் பக்கம் போடலாம்னு பாக்க வந்தேன் அக்கா."

மிடுக்கிக்கு அழுகை நின்றுவிட்டது. சாமான் கிடைக்கவில்லை என்று அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லையே! இவன் மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகப் படுக்கையோடு வருகிறான்? இடம் தெரிந்து, சாமான் இன்னும் அங்கேயே கிடப்பதைப் பார்த்தவனுக்குத்தான் இந்தத் தைரியம் வரும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வைக்கோலைத் திருப்பிக் கொண்டு போ தம்பி. பாதிக்கு மேல எடுத்தாச்சு. மிச்சத்தை இவரு எடுக்கப் போறாரு" என்றாள்.

தொந்தியப்பனுக்கு முகம் தொங்கிவிட்டது. "பாதியா? எந்தப் பாதி?"

"அது உனக்கு எதுக்கு?"

வைக்கோலைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். எது மிச்சம் என்று முதலில் பார்த்துவிட்டு, அதையாவது வேறு இடத்தில் மறைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். மரங்களின் மேலே கிளை கிளையாக மிடுக்கியும் சாந்தனும் பின்தொடர்ந்தார்கள். பெருச்சாளிக்கு மேலே பார்க்கும் பழக்கம் கிடையாது.

வாய்க்கால் கரையில் ஒரு கல்லைப் புரட்டினான். "மாலை இருக்கு. இதை எடுக்கல. அப்போ சரத்தை எடுத்துட்டாளா?" என்று முணுமுணுத்து அடுத்த இடத்துக்கு ஓடினான். சரமும் இருந்தது. கூடுகளும் இருந்தன. அவன் நகர நகர, பின்னால் சாந்தன் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டான். கடைசியில் தாழம்புதருக்குள் தலையை விட்டு, "விசிறியும் இருக்கே! பாதியை எடுத்ததா சொன்னாளே!" என்று திரும்பியபோது எதிரே மிடுக்கி நின்றாள்.

"ரொம்ப நன்றி தம்பி. இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று விசிறியை உருவிக்கொண்டாள்.

சாயங்காலம் கரையில் தோரணம் ஏறியது. தொந்தியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இது ஏமாத்து. எங்க வச்சோம்னு அவங்களுக்கே தெரியாது. எல்லா இடத்தையும் காட்டினது நான்!" என்று கூட்டத்தின் நடுவே கத்தினான்.

வேலாயுதத்தின் முதுகில் முட்கள் மெல்ல நிமிர்ந்தன. "அவ ஒளிச்ச இடம் உனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

தொந்தியப்பன் ஓரடி பின்வாங்கினான். எல்லாரும் மிடுக்கியைப் பார்த்தார்கள். அவள் நினைத்திருந்தால் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

"அவன் சொல்றது நெசந்தான் அண்ணே. திருடனுக்கு எட்டக்கூடாதுன்னு வச்சேன். கடைசியில எனக்கே எட்டாம போச்சு" என்றாள்.

வேலாயுதம் முட்களைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "சாமான் வந்துருச்சு, பொந்து உன்னுதுதான்" என்றார். பெருச்சாளியிடம் திரும்பி, "வளையில தண்ணி வந்தா எங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே? மேட்டுல வேற வளை தோண்ட எல்லாரும் வந்திருப்போமே" என்றார்.

விழா முடிந்ததும் மிடுக்கி சாமான்களை எல்லார் முன்னிலையிலும் பொந்தில் வைத்தாள். கனமானது அடியில், இறகு மேலே. வைத்து முடித்து, மேட்டில் வளை தோண்டிக்கொண்டிருந்த தொந்தியப்பனைக் கூப்பிட்டாள்.

"நல்லாப் பாத்துக்கோ தம்பி. நான் மறுபடியும் எதையாவது தூக்கிக்கிட்டு ஓடினா, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு."

வேண்டிய நேரத்தில் கைக்கு வராத பொருள், எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் தொலைந்த பொருள்தான்.