காலில்லாத டீச்சரும் கீரியம்மாவும்

வற்றிக் கிடந்த ஏரியின் நடுவே ஒரு மண்மேடு. அதில் ஒரு வளை. வளைக்குள் கீரியம்மாவும் கண் திறக்காத இரண்டு குட்டிகளும் இருந்தன.

இரண்டு நாளாக விடாத மழை. தண்ணீர் மேட்டைச் சூழ்ந்துகொண்டது. வளையின் வாசலைத் தொட இன்னும் நாலு விரல்கடைதான் பாக்கி. கீரியம்மாவுக்கோ நீந்தத் தெரியாது!

அந்த வழியாக ஒரு தண்ணீர்ப்பாம்பு போனது.

"பாம்பக்கா! எனக்கு நீந்தச் சொல்லிக் கொடுங்களேன்!"

பாம்பு திடுக்கிட்டது. கூப்பிடுவது கீரியா! ஓடிவிடலாமா? அப்போது வளைக்குள் குட்டிகள் முனகின. பாம்புக்கு மனசு கேட்கவில்லை.

"சொல்லித் தருகிறேன். ஆனால் பாடம் முடியும்வரை நான் டீச்சர்!" என்றது, பத்து முழம் தள்ளி மிதந்தபடி.

"ஆகட்டும் டீச்சர்!"

"இடுப்பை வளையுங்கள்! இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!"

கீரியம்மா குதித்தது. இடுப்பை வளைத்தது. குபுக்கென்று மூழ்கியது.

"இன்னும் நன்றாக வளையுங்கள்!"

மறுபடியும் குபுக்! மூன்றாம் முறை இருமிக்கொண்டே அது மேடேறியபோது, வாசலுக்கு ஒரு விரல்கடைதான் மிச்சம்.

பாம்புக்கு ஒரு சந்தேகம் தொண்டை வரை வந்தது. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளுமோ? கேட்காவிட்டால் குட்டிகள்?

"கீரியம்மா, கோபப்படாதீர்கள். தண்ணீருக்குள் உங்கள் கால்களை என்ன செய்கிறீர்கள்?"

"வயிற்றோடு மடக்கிக்கொள்கிறேன்."

"ஐயோ! ஏன்?"

கீரியம்மா தலைகுனிந்தது. "உங்களுக்கு ஒரு கால்கூட இல்லையே டீச்சர். உங்கள் முன்னால் நான் நாலு காலையும் ஆட்டினால் நன்றாகவா இருக்கும்?"

பாம்பு சிரித்த சிரிப்பில் தண்ணீர் அலையடித்தது.

"நானும் ஒன்று கேட்கலாமா?" என்றது கீரியம்மா. "பக்கத்தில் வந்தால்தானே என் தப்பு உங்களுக்குத் தெரியும்? ஏன் அவ்வளவு தூரம்?"

சிரிப்பு நின்றது.

"நீங்கள் பாம்பு தின்கிறவர்."

"ஆமாம், தின்றிருக்கிறேன்," என்றது கீரியம்மா மெல்ல. "இல்லை என்று சொன்னால் பொய். இன்று காலையில் நண்டு தின்றேன். வயிறு நிறைந்திருக்கிறது. பசித்தால் அப்போதே கத்திச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய்விடுங்கள்!"

பாம்பு கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு முழத் தூரத்துக்கு வந்தது.

"எனக்குக் கால் இல்லை. ஆனால் துரத்தித் துரத்தித் தவளைக் காலை நன்றாகப் பார்த்திருக்கிறேன். பின்னங்காலால் உதைத்துத்தான் என்னிடமிருந்து தப்பும், கள்ளப்பயல்கள்! நாலு காலையும் விரியுங்கள். உதையுங்கள்!"

கீரியம்மா உதைத்தது. மிதந்தது! இன்னும் உதைத்தது. நகர்ந்தது!

"மூக்கை மேலே தூக்குங்கள்! அப்படித்தான்!"

ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு அது கரைக்கு நீந்தியது. பாம்பு பக்கத்திலேயே வந்தது. திரும்பி வந்தபோது வாசலில் தண்ணீர் புகுந்துவிட்டிருந்தது. கீரியம்மா உள்ளே பாய்ந்தது. இரண்டாவது குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் உயிரோடிருந்தது.

அதையும் கரை சேர்த்துவிட்டுக் கீரியம்மா மூச்சு வாங்கியது. பிறகு சட்டென்று கத்தியது:

"டீச்சர்! எனக்குப் பசிக்கிறது!"

"நன்றி கீரியம்மா!" என்று ஒரே பாய்ச்சலில் நடு ஏரிக்குப் போய்விட்டது பாம்பு.

கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் தங்களுக்குள் இருக்கும் வேறுபாட்டை மரியாதைக்காகவோ பயத்தாலோ மறைக்காமல், கேட்டும் சொல்லியும் பேசிவிட்டால்தான் பாடம் கைகூடும்.