கரடியின் குகைக்கு வந்த அழுகண்ணி

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி வாழ்ந்தது. அதன் குகையில் தேனடைகளும் பலாச்சுளைகளும் குவிந்து கிடக்கும். அந்த வாசனைக்கு ஈக்கள் படைபடையாய் வரும். வருகிற ஈக்களைப் பிடித்துத் தின்று குகையைச் சுத்தமாக வைத்திருந்தது மணிவாலி என்ற பெண் பல்லி. அது அந்தக் குகைச் சுவரின் வெடிப்பில்தான் பிறந்தது, அங்கேயேதான் வளர்ந்தது.

ஒருநாள் கரடி சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. ஈரமண்ணில் ஒரு சின்னஞ்சிறு செடி. சிவந்த இலைகள். இலை முழுக்க மெல்லிய ரோமங்கள். ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் பனித்துளி போல ஒரு பசைத்துளி. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான் தாமதம், ஒட்டிக்கொண்டது! இலை மெல்லச் சுருண்டு அதை மூடியது. அழுகண்ணி என்பது அந்தச் செடியின் பெயர்.

கரடி பூரித்துப் போனது.

"அடடா! கத்தாது! சுவரில் ஓடாது! எச்சம் போடாது! வேலைக்கு வைத்தால் இப்படி ஒன்றை அல்லவா வைக்க வேண்டும்!"

உடனே செடியை வேரோடு பெயர்த்தது. காலியான விளாம்பழ ஓட்டில் நட்டது. குகைக்குள்ளே, வெளிச்சமே எட்டாத மூலையில், தேனடைகளுக்குப் பக்கத்தில் வைத்தது.

"ஏய் பல்லி! இனி நீ கிளம்பலாம்!"

மணிவாலி திகைத்துவிட்டது. "கரடியாரே! நான் என்ன தப்பு செய்தேன்?"

"தப்பெல்லாம் ஒன்றுமில்லை. உன் சத்தமும் உன் எச்சமும் எனக்குப் பிடிக்கவில்லை. போ வெளியே!"

"இத்தனை நாள் உங்கள் மூக்கில் ஓர் ஈ உட்காரவிட்டிருப்பேனா? ஒரு வார்த்தை நன்றி உண்டா?"

கரடி கையை ஓங்கியது. ஒரு விசிறு விசிறியதில் மணிவாலி வெளியே போய் விழுந்தது.

வாசலுக்கு எதிரே இருந்த பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வயிறு எரிந்தது. ஆனால் அந்தக் கோபமெல்லாம் யார் மேல் போனது? அந்தச் செடி மேல்! 'எங்கிருந்தோ வந்து என் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டாளே! அவள் வேரைக் கடித்துத் துப்பாவிட்டால் நான் பல்லியே இல்லை!'

சில நாட்கள் போயின. கரடி கரையான் தேடிப் போன நேரம் பார்த்து மணிவாலி உள்ளே பாய்ந்தது.

"அடியே! என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு இங்கே சொகுசாகவா இருக்கிறாய்?"

"சொகுசா?" என்றது ஓர் ஈனக்குரல். "கிட்டே வந்து பார், அக்கா. பிறகு திட்டு."

மணிவாலி கிட்டே போனது. சிவப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு ரோமத்திலும் துளி இல்லை. இலைகள் துவண்டு கிடந்தன.

"நான் வெயிலில் கிடந்தவள், அக்கா. வெயில் இல்லாமல் எனக்குத் துளி ஊறாது. துளி இல்லாமல் ஈயை எப்படிப் பிடிப்பேன்? என் சேற்றில் சத்து கிடையாது, அதனால்தான் ஈயைத் தின்கிறேன். இந்தக் கரடியாரோ சாணத்தைக் கொட்டினார். தேனை வேறு ஊற்றினார். வேரெல்லாம் எரிகிறது! என்னைக் கூட்டிப் போ என்று நானா கேட்டேன்?"

கடிக்கத் திறந்த வாயை மணிவாலி மூடிக்கொண்டது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளிருந்தே முன்னைவிடப் பெரிய கோபம் கிளம்பியது. இந்த முறை அது எங்கே போக வேண்டுமோ அங்கே போனது.

அப்போது கரடி திரும்பி வந்தது. தேனடை தெரியாதபடி ஈ மொய்த்துக் கிடந்தது. காதில் ஈ, கண்ணில் ஈ!

"சோம்பேறிச் செடியே!" என்று அது கர்ஜித்தது. "தேன் ஊற்றி வளர்த்தேனே! ஏமாற்றிவிட்டாயே!" நசுக்குவதற்குக் காலைத் தூக்கியது.

"நிறுத்துங்கள்!" சட்டென்று சுவரில் ஏறி மணிவாலி கத்தியது. "ஏமாற்றியது யார்? அவளைக் கேட்டா பெயர்த்தீர்கள்? என்னைக் கேட்டா விரட்டினீர்கள்?"

கரடி தலையைத் தூக்கியது. கோபம் இறங்கி, குரலில் குழைவு வந்தது. "அட, மணிவாலியா! நல்லவேளை வந்தாய்! உன் இடம் உனக்குத்தான். வா, ஈயைப் பிடி. இதை நான் எங்காவது எறிந்துவிடுகிறேன்."

மணிவாலிக்குப் பசி குடலைப் பிடுங்கியது. எட்டும் தூரத்திலேயே கொழுத்த ஈக்கள். பிறந்த வெடிப்பும் எதிரிலேயே இருந்தது. ஒரு நொடி நாக்கு துடித்தது.

"முடியாது!" என்றது. "முதலில் அவளைச் சதுப்பில் கொண்டுபோய் நட்டுவிட்டு வாருங்கள். அதுவரை ஓர் ஈயைக்கூடத் தொடமாட்டேன்!"

"என்ன திமிர் உனக்கு!"

"திமிர்தான்! வேண்டுமானால் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்!"

கரடி இரண்டு கைகளாலும் ஈயை அடித்தது. தன் மூக்கிலேயே அறைந்துகொண்டது. தேனடை மேல் விழுந்தது. உடம்பெல்லாம் தேன்! குகையிலிருந்த ஈயெல்லாம் அதன் மேல் வந்து மொய்த்தது. கடைசியில் விளாம்பழ ஓட்டைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடியே சதுப்புக்கு ஓடியது. மணிவாலி பின்னாலேயே போய், வெயில் விழும் ஈரமண்ணில் கரடி செடியை நட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குகைக்குத் திரும்பி ஈயைத் தொட்டது.

மழை பெய்து வேரிலிருந்த சாணத்தைக் கழுவியது. பழைய இலைகள் கருகிப் போயின. ஆனால் நடுவிலிருந்து சிவப்பாக ஒரு புது இலை சுருள் விரித்தது.

நம் பிழைப்பு பறிபோனால், நம் இடத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டவர் மேல் பாயாமல், கொண்டுவந்து வைத்தவரைத்தான் தட்டிக் கேட்க வேண்டும்.